ஒன்றரைக் கட்டை

1

இந்தக் கதை ஒரு திருட்டுத்தனத்தில் பிறந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. விழுப்புரத்தில் முப்பது வருடமாக ஓடும் எங்கள் ராக் குழுவில் நான் டிரம்ஸ் வாசிக்கிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். பாடுபவர் அந்தோணிசாமி அண்ணன், வயது அறுபத்து மூன்று. கிடார் தென்னரசு.

பதினோரு வருடம் முன்பு, அண்ணன் இனி உச்சியில் கத்தினால் குரலே போய்விடும் என்றார் டாக்டர். அண்ணன் கேட்கவில்லை. தென்னரசு சத்தமில்லாமல் கிடார் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை அரைக் கட்டை இறக்கினான். பிறகு இன்னொரு அரை, அப்புறம் மேலும் ஒரு அரை. இப்போது மொத்தம் ஒன்றரைக் கட்டை. அண்ணன் மேடைக்குப் பின்னால் மிளகு போட்ட வெந்நீர் குடிக்கும் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். தன் குரல் அப்படியே இருப்பதாக அவர் நம்பினார்.

(நம்பினாரா? சுருதி தெரிந்த மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும்? கதாபாத்திரம் இங்கே நொண்டுகிறது. இப்போதைக்கு விட்டுவைக்கிறேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "திண்டிவனத்தின் மாலை வானம் செவ்வொளியில் குளித்திருக்க, முதிர்ந்த பாடகன் தன்..."

வேண்டாம். வானத்தை யார் பார்த்தது? மாதா கோயில் திருவிழா, சாயங்காலம் ஆறரை மணி. மேடை ஏறும்போது தென்னரசின் கிடாரில் கம்பி முறுக்கும் கீ உடைந்துபோனது. கோயில் பாடகர் குழுவின் ஆரோக்கியசெல்வி ஓடிப்போய்த் தன் கிடாரைக் கொண்டுவந்தாள்.

"டியூன் பண்ணித்தான் வச்சிக்கிறேன் அண்ணே, அப்டியே வாசிங்க."

சரியாகத்தான் டியூன் செய்திருந்தாள். அதுதான் சிக்கல். அதற்குள் அண்ணன் மைக் முன்னால் வந்து நின்றுவிட்டார். அவர் கண்ணெதிரே எப்படி இறக்குவது? தென்னரசு என்னைப் பார்த்தான். நான் குச்சிகளைப் பார்த்தேன்.

3

எங்கள் பாட்டின் கடைசி அடி உச்சிக்குப் போய் அங்கேயே எட்டு பீட் நிற்க வேண்டும். அண்ணன் போனார். பாதியில் குரல் கிழிந்தது. வாசிப்பை நிறுத்தினோம். முன்வரிசையில் அவர் மனைவி அமலா அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தென்னரசு கீயில் கை வைத்தான். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மைக்கை மூடாமலே பேசினார். ஊரே கேட்டது.

"இறக்காதடா. இத்தினி வருசமா இறக்கிக்கினு வர்றீங்க, எனக்குத் தெரியும். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சும்மா இருந்தேன். இதான் நம்ம பழைய கட்டை. எம்மாந்தூரம் போவுதுன்னு இன்னிக்குப் பாத்துர்றேன்."

"தொண்டை போயிரும்ண்ணே. டாக்டர் என்னா சொன்னாரு?"

"கம்முனு வாசி."

மறுபடி பாடினார். மறுபடி கிழிந்தது, முன்பைவிடக் கொஞ்சம் உயரத்தில். முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னொரு வாட்டி" என்றார்.

முப்பது வருடம் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். எவ்வளவு பெரிய ஆளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. ஆயிரம் பேர் முன்னால் தோற்பதற்குத் துளியும் கூச்சப்படாத மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

4

முடிவு அ: மூன்றாம் தடவை உச்சியைத் தொட்டார். கூட்டம் எழுந்து நின்றது. எழுதிவிட்டு நானே அழுதேன். பிறகு கிழித்துப் போட்டேன். தென்னரசு கிடாரில் செய்ததை நான் கதையில் செய்கிறேன், அவ்வளவுதான்.

முடிவு ஆ: குரல் அடியோடு போய், அண்ணன் இப்போது சைகையில்தான்... (மாட்டேன். அவர் தொண்டையை அடகு வைத்து எனக்கு என்ன பேர் வேண்டிக்கிடக்கிறது?)

நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அதனால் அதற்குச் சற்று முன்னால் நிறுத்துகிறேன். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணிப் பாட்டைத் தொடங்கிக் கொடுக்க வேண்டியவன் நான். எண்ணாவிட்டால் பாட்டு இல்லை, குரல் பிழைக்கும். கீழேயிருந்து அண்ணி என்னைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

இந்தாருங்கள், குச்சிகளைப் பிடியுங்கள். அண்ணன் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். எண்ணுங்கள், இல்லையென்றால் கீழே வையுங்கள்.