வலது கன்னம்

எனக்கு இந்த வேலை கிடைத்ததே என் முகத்தில் வழிகிற எண்ணெயால்தான். நேர்முகத் தேர்வில் மேனேஜர் என் சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு டிஷ்யூ தாளை என் கன்னத்தில் ஒற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிரமாதம்மா! நாளைக்கே வந்துடு" என்றார். பள்ளிக்கூடத்தில் என்னை 'எண்ணெய்ச் சட்டி' என்று கூப்பிட்ட அத்தனை பேரும் பக்கத்தில் நின்று இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பெருமை. கூறுகெட்டவள்.

வேலை இதுதான். பெரிய கடையின் தரைத்தளத்தில் லிஃப்ட் பக்கத்தில் ஓர் உயரமான நாற்காலி, ஒரு வட்ட விளக்கு, ஒரு வாஷ்பேசின். எல்லாரும் பார்க்க, கம்பெனியின் களிமண் க்ளென்சரை நான் முகத்தின் இடது பாதியில் மட்டும் தடவ வேண்டும். இரண்டு நிமிடம் கழித்துக் கழுவி, இரண்டு கன்னத்திலும் டிஷ்யூ ஒற்றிக் காட்ட வேண்டும். வலது தாளில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும், இடது தாள் வெள்ளை வெளேரென்று வரும். கூட்டம் 'அட' என்று வாயைப் பிளக்கும்போது மேனேஜர் டப்பாவை நீட்டுவார்.

ஒரு நாளைக்கு எட்டு தடவை. வலது பாதியை வீட்டில்கூட சோப்பு போட்டுக் கழுவக் கூடாது, எண்ணெய் போய்விடுமாம். டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் 'வாரம் இருமுறை மட்டும்' என்று போட்டிருக்கிறது. அது என் கண்ணில் பட ஒரு மாதம் ஆயிற்று. பட்ட பிறகும் ஆறு மாதம் உட்கார்ந்தேன்.

இடது கன்னம் முதலில் இழுத்துப் பிடித்தது. அப்புறம் செதில் செதிலாக உரிந்தது. சிரித்தால் வெடித்தது. துண்டால் துடைக்கிற சாக்கில் தோல் நிறக் க்ரீமை அதன் மேல் ஒற்றிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார் மேனேஜர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மெஷின் ஓடுகிறது. என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கோயேன்" என்றார். பல்லைக் கடித்தாலும் கன்னம்தான் வலிக்கிறது என்று கத்தினேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

போன திங்கட்கிழமை இரண்டாவது தடவை கழுவும்போதே வாஷ்பேசினில் ரத்தம். க்ரீம் நிற்கவில்லை. மேனேஜர் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போய் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் முடிஞ்சு போச்சு. நாளையிலருந்து வலது பக்கம் போடு."

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து கடைசியில் மனுஷனையே கடித்த கதை.

"முடியாது சார். அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

"உன்னை யாரும்மா கட்டிப் போட்டிருக்கா? முடியலைன்னா சொல்லு, ஆளா கிடைக்காது?"

சொல்லி வாய் மூடவில்லை, ஆள் வந்துவிட்டது. ஓர் அம்மாளும் அவள் மகளும். பெண்ணுக்குப் பதினெட்டு இருக்கலாம். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் மினுமினுப்பு, தாடையில் நாலைந்து பரு. மற்றபடி ஒரு கீறல் இல்லாத தோல். மேனேஜரின் முகம் மலர்ந்தது. பெண்ணை என் நாற்காலியில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் நாற்காலியில், உட்கார வைத்து டிஷ்யூவை ஒற்றினார்.

"பிரமாதம்மா! பாப்பா வேலைக்கு வருவாளா? சும்மா உட்கார்ந்துக்கிட்டு முகம் கழுவுற வேலைதான்."

"இப்படியும் ஒரு வேலையா!" என்று அம்மாள் பூரித்துப்போனாள்.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. துண்டை நனைத்து, இடது கன்னத்தில் இருந்த க்ரீமை அழுத்தித் துடைத்தேன். எரிந்தது. எரியட்டும். பெண்ணின் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்தேன்.

"தொட்டுப் பாரும்மா. ஒரு நாளைக்கு எட்டு தடவை கழுவினா இப்படித்தான் ஆகும். வாரத்துக்கு ரெண்டு தடவைதான் போடணும்னு டப்பாவிலேயே எழுதியிருக்கு."

பெண் சுடுசட்டியைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள். விரல் நுனியில் ரத்தம். சுற்றி நின்றவர்கள் கையிலிருந்த டப்பாக்களை மெதுவாக மேசையில் வைத்தார்கள். மேனேஜர் பல்லை நறநறவென்று கடித்தார்.

அம்மாளும் என் கன்னத்தைக் குனிந்து நன்றாகத்தான் பார்த்தாள். மகளை இழுத்துக்கொண்டு ஓடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"எட்டு ஜாஸ்திங்க. நாலு தடவைன்னா ஒத்துக்குவீங்களா?"

"ஏங்க, பெத்த வயிறுதானா உங்களுது?" நான் போட்ட சத்தத்தில் லிஃப்டுக்குக் காத்திருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். "கண்ணால பார்த்துட்டுமா பேரம் பேசுறீங்க?"

"நீ பேசுவம்மா. என் வீட்டுக் கஷ்டம் உனக்குத் தெரியுமா?" என்றாள் அம்மாள்.

பெண் நாற்காலியிலிருந்து தானாகவே இறங்கினாள். அம்மாவைப் பார்க்கவில்லை, மேனேஜரையும் பார்க்கவில்லை. விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ நீங்க ஏன்க்கா இத்தனை நாள் உட்கார்ந்திருந்தீங்க?"

மேனேஜர் மேல், அந்த அம்மாள் மேல், வீட்டுக்காரர் மேல் இருந்த கோபம் அத்தனையும் திரும்பி என் மேலேயே பாய்ந்தது. வீட்டுக் கஷ்டம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதையேதான் அந்த அம்மாளும் சற்று முன் சொன்னாள்.