பதியாத விரல்

விரல்ரேகை மெஷின் வந்த முதல் வெள்ளிக்கிழமை அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். வைத்த இடம், விரல் பதிக்கும் கண்ணாடி. மறுநாள் காலை தறிக்கூடத்தில் ஒருவருக்கும் வருகை விழவில்லை.

"கண்ணுலயே பொட்டு வெச்சா அதுக்கு எப்பிடிங்க ஆள் தெரியும்?" என்று மேனேஜர் நவீன்குமார் துடைத்தான். துடைத்த பிறகு எல்லோருக்கும் விழுந்தது, ராசாத்தியைத் தவிர.

ஜலகண்டாபுரத்தில் தண்டாயுதபாணி நடத்தும் அந்த விசைத்தறிக்கூடத்தில் ராசாத்தியின் வேலை பாவு பிணைப்பது. பாவு என்பது தறியில் நெடுக்காக ஓடும் நூல். தறியில் தீரப்போகும் பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு பாவுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் இழை. பத்தொன்பது வருடத்தில் அவருடைய விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டன. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள்.

"இன்னும் கால் வெரலு பத்து இருக்குதுக்கா" என்றாள் தறி ஓட்டும் மாரக்காள்.

இங்கே நெய்யும் போர்வைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆய்வுக்கு ஆள் அனுப்புவதாக எழுதியிருந்தது. அதற்காகத்தான் மெஷின். அதில் வருகை விழாதவர் பெயர் பட்டியலில் நிற்காது. பெயர் போனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் போகும். ராசாத்தியின் கவலை அதுதான்.

நவீன்குமார் ஒரு வழி சொன்னான். "உங்க பேர்ல என் சுண்டுவெரலப் பதிஞ்சுக்கறேனுங்கக்கா. தெனமும் நானே வெச்சர்றேன்."

"நா வந்ததுக்கு உன்ற வெரலு எதுக்கு சாமி? நா சீக்காப் படுத்துக் கெடந்தாலும் அது வந்துட்டேன்னுதான சொல்லும்."

"அது உங்களுக்கு நல்லதுதானுங்க."

"நல்லதுதான். வேண்டாம்."

இதையெல்லாம் அபிநயா குறித்துக்கொண்டார். சேலத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியல் ஆசிரியை. ஆய்வுப் பட்டத்துக்காக இரண்டு மாதமாக இங்கே வந்துகொண்டிருந்தார். முதலாளி, தொழிலாளி இருவரின் நலனும் எதிரெதிர் என்பது அவர் படித்த மோதல் கோட்பாடு. இருவருக்கும் வரவு உள்ளவரைதான் உறவு என்பது பரிமாற்றக் கோட்பாடு. இந்த விஷயத்தில் இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லின. பாவு பிணைக்கவும் இப்போது மெஷின் உண்டு. போன் செய்தால் குமாரபாளையத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ராசாத்தியை வெளியாள் என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. 'முதலாளி அப்படித்தான் சொல்வார்' என்று கம்பெனி ஆள் வருவதற்கு முந்தைய நாள் அபிநயா எழுதியும் வைத்தார்.

பெங்களூரிலிருந்து வந்த ஆய்வாளர் தமிழ்க்காரர். வருகைப் பட்டியலில் காலியாகக் கிடந்த வரியில் பேனாவை வைத்தார்.

"இவங்க வரவே இல்லையே?"

"அந்தத் தறிக்குப் பின்னால குனிஞ்சிருக்காங்களே, அவங்கதானுங்க" என்றார் தண்டாயுதபாணி.

"பாவு தீந்தா வந்துட்டுப் போற வெளியாளா? அப்படின்னா சொல்லுங்க, இந்த வரியையே எடுத்துடலாம்."

வழியை அவரே திறந்துவிட்டார். தண்டாயுதபாணி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கொஞ்சம் அதிக நேரமே துடைத்தார்.

"இல்லீங்க. எங்க ஆளு. பத்தொம்பது வருசமா இங்கதான். மெஷினுக்குத்தான் தெரியல."

"குறைன்னு எழுத வேண்டி வரும். ஆர்டர் நிக்கலாம்."

"எழுதிக்குங்க."

ஆய்வாளர் எழுத உட்கார்ந்ததும் அபிநயா முதலாளியிடம் மெதுவாகக் கேட்டார். "அவங்கள விட்டா மத்தவங்களும் போயிடுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"அதுவுந்தானுங்க" என்றார் தயங்காமல். "ஆனா வெளியாள்னு சொல்லிப்போட்டு, நாளைக்குக் காத்தால அந்தக்காகிட்ட பாவு பிணைங்கன்னு சொல்ல எனக்கு எப்பிடிங்க வாய் வரும்?"

முதல் பாதி பரிமாற்றக் கோட்பாட்டுக்குள் அடங்கியது. இரண்டாம் பாதியையும் வளைத்து உள்ளே தள்ளிவிடலாம். எதையும் விழுங்கிவிடும் கோட்பாடு அது. அபிநயா தள்ளவில்லை. தன் கணிப்புக்குக் கீழே 'தவறு' என்று எழுதி, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆய்வாளர் ராசாத்தியை அழைத்தார். ரேகை தேய்ந்த விவரத்தை ராசாத்தியே சொல்லும் வாக்குமூலமாக ஒரு படிவத்தில் எழுதியிருந்தார். மெஷினுக்குப் பதில் கையெழுத்து நோட்டு வைத்தால் கம்பெனி ஏற்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு பழக்கதோஷத்தில் கைநாட்டு வைக்கும் மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். மாரக்காள் சிரித்துவிட்டாள்.

"கையெழுத்தே போடுவேனுங்க" என்ற ராசாத்தி, சாம்பல் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். போடவில்லை. எழுத்துக்கூட்டி முதலில் இருந்து படித்தார்.

"இதென்னங்க, தற்காலிகப் பணியாளர்னு இருக்குது?"

"படிவத்துலயே அச்சானதும்மா. எல்லாருக்கும் அதான்."

"எனக்கு அடிச்சுப்போட்டுக் குடுங்க."

ஆய்வாளர் தண்டாயுதபாணியைப் பார்த்தார்.

"அடிச்சிருங்க" என்றார் அவர். "நிரந்தரம்னு எழுதிருங்க. நானும் பக்கத்துல கையெழுத்துப் போடறேன்."

ஆய்வாளர் அடித்தார், எழுதினார். ராசாத்தி தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு முழுப் பெயரையும் எழுதிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"வாரேனுங்க. இன்னும் நானூறு எழை பாக்கி இருக்குது."