ஞாயிற்றுக்கிழமை மட்டும் உண்மை பேசிய தராசு

கடைத்தெருவில் எடை ஆய்வாளரின் தலை தெரிந்தால் போதும், பாதித் தராசுகள் தாமாகவே திருந்திவிடும். இருபத்தாறு வருட சர்வீஸ். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், அடியில் குடைந்த எடைக்கல், கட்டைவிரலால் தட்டை அமுக்கும் கைவேலை எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்ட மனிதர் தன் வீட்டுச் சமையலறைத் தராசிலேயே கை வைத்தார் என்றால், அதற்குக் காரணம் ஓட்ஸ்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து அவர் மனைவி அவருக்குக் காலையில் அறுபது கிராம் ஓட்ஸை நிறுத்துப் போட்டாள். மதியம் வேகவைத்த காய். இரவு மறுபடியும் காய். முப்பது வருடமாக மருந்தகத்தில் மாத்திரை எண்ணும் கை அது. ஒரு கிராம் கூடாது, ஒரு கிராம் குறையாது.

அதே மாதத்தில்தான் துரைக்கு யோகம் அடித்தது. துரை அவர்கள் வீட்டு நாய். ஒன்பது வயது, இருபது கிலோ, நடையில் மட்டும் ஒரு மிடுக்கு. அதன் தோல் அரிப்புக்குப் பச்சைக்கறி கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானதும், அவள் நாய் உணவு நிபுணரிடம் பட்டியல் எழுதி வாங்கி வந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். ஒரு நாளைக்கு ஐந்நூறு கிராம். அதில் அரைத்த எலும்பு எழுபத்தைந்து, ஈரல் இருபத்தைந்து, மீதி சதையும் மற்ற உறுப்புகளும். ஞாயிறுதோறும் ஏழு டப்பா நிறுத்து, தேதி எழுதி உறைய வைப்பாள். மறுநாளைக்கான டப்பா அடித்தட்டில் மட்டுமே இளக வேண்டும். சிவப்புப் பலகையில் வேறெதையும் நறுக்கக் கூடாது. தொட்ட கைக்குச் சோப்பு, தட்டுக்கு வெந்நீர். வெந்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும் என்பதால் அது வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

துரை ஈரல் தின்றது, அவர் ஓட்ஸ் தின்றார். நாய்ப் பிழைப்பு என்று எவன் முதலில் சொன்னானோ, அவன் இந்த வீட்டைப் பார்த்ததில்லை என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் அவளும் துரையும் நாற்பது நிமிடம் நடக்கப் போவார்கள். அந்த நேரத்தில் அவர் டப்பாவைத் திறந்து கொஞ்சம் சதையும் ஈரலும் எடுத்து, மிளகு தூவி வதக்கிச் சாப்பிட்டுவிடுவார். திருட்டிலும் ஒரு சுத்தம் இருந்தது. சிவப்புப் பலகை, சோப்பு, வெந்நீர் எல்லாவற்றையும் பட்டியல்படி கடைப்பிடித்தார். ஒரே சிக்கல், அவள் திரும்பி வந்ததும் துரைக்குப் போடுமுன் இன்னொரு முறை நிறுத்துப் பார்ப்பாள். அது மருந்தகப் பழக்கம்.

அதற்குத்தான் தொழில் கைகொடுத்தது. அந்த மின் தராசைத் திருத்தும்போது அது ஒரு கிலோ கல்லை வைக்கச் சொல்லும். அவர் எழுநூறு கிராம் கல்லை வைத்தார். தராசு அதையே ஒரு கிலோ என்று நம்பிக்கொண்டது. ஞாயிறு காலையில் மட்டும், அவள் டப்பா நிரப்பும் நாள் என்பதால், முழுக் கல்லை வைத்து நேராக்கிவிடுவார். திங்களன்று மறுபடியும் பொய்.

அதற்கப்புறம் அவருடைய ஓட்ஸ் என்னவோ இளைத்துப்போனது. இவளுக்குக் கஞ்சத்தனம் கூடிக்கொண்டே போகிறது என்று குமைந்தார். ஞாயிறு மட்டும் கிண்ணம் நிறைந்திருக்கும். விடுமுறை நாளில் மனம் இளகுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டார்.

ஆறு வாரத்தில் துரையின் மிடுக்கு போய்விட்டது. தோட்டத்தில் வெகுநேரம் முக்கிக்கொண்டு நின்று, சுண்ணாம்புக் கட்டி போல இரண்டு துண்டு போட்டுவிட்டு வெட்கத்தோடு திரும்பியது. விலங்கு மருத்துவரிடம் தூக்கிப் போனார்கள். அவர் எடை பார்த்தார், வயிற்றை அமுக்கினார். ஒன்றரைக் கிலோ குறைந்திருப்பதாகவும், ஒன்று பச்சைக்கறி ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது குடலில் கட்டி இருக்கலாம் என்றும் சொன்னார். மயக்க மருந்து கொடுத்து உள்ளே பார்க்க வேண்டுமாம். வயதான துரையின் இதயம் இருக்கிற நிலையில் அந்த மயக்கமே ஆபத்தாகலாமாம்.

அவள் கையோடு கொண்டு வந்திருந்த பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"பட்டியல்ல தப்பில்ல டாக்டர். நான்தான் எங்கயோ எடை தப்பாப் போட்டிருக்கேன். கை தடுமாற ஆரம்பிச்சிருச்சு போல. இனிமே மருந்தகத்துலயும் நான் நிக்கக் கூடாது."

சொல்லும்போது அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் படுத்திருந்த துரை ஆய்வாளரின் கையை நக்கியது, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"உன் கை சரியாத்தான் இருக்கு. தராசுதான் பொய் சொல்லுது."

கல்லை மாற்றி வைத்த கதையைச் சொன்னார். பழக்கதோஷத்தில் அதை ஒரு வகுப்பு மாதிரி விளக்கமாகவே சொன்னார். தினம் ஒரு நூறு கிராம் எடுத்ததாகவும், நன்றாக வேகவைத்தே சாப்பிட்டதாகவும் ஒப்புக்கொண்டார்.

"எலும்பு?" என்றார் டாக்டர்.

"அதைத் தொடவே இல்லை டாக்டர். அது மொத்தமும் துரைக்கேதான்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதுதான் வினை என்றார். சதை போய் எலும்பு அப்படியே இருந்தால் எந்தக் குடலும் கட்டிக்கொள்ளும். மயக்க மருந்து இப்போது வேண்டாம், நாலு நாள் எலும்பை நிறுத்தி நிறையத் தண்ணீர் கலந்து கொடுத்துப் பார்க்கலாம்.

அவள் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஏதோ எழுதினாள்.

"ஒரு கிலோவுக்கு எழுநூறு வச்சீங்க. அப்ப முந்நூத்தம்பது வச்சாலே ஐந்நூறு காட்டும்."

"காட்டும்."

"அப்படின்னா எடுத்தது நூத்தம்பது." பேனாவை மூடினாள். "வாக்குமூலத்துலயும் ஐம்பது கிராம் குறையுதுங்க."

துரை ஐந்தாம் நாள் தோட்டத்திலிருந்து பழைய மிடுக்கோடு வந்தது. தராசு என்னவோ முதல் நாளே திருந்திவிட்டது. அவள் முன்னால் முழுக் கிலோவை வைத்து நேராக்கி, அலுவலக முத்திரையை ஒட்டிக் கையெழுத்தும் போட்டார். மறுநாள் காலை, ஞாயிறுகூட இல்லை, ஓட்ஸ் கிண்ணம் நிறைந்து வந்தது.

"கோபம் போயிடுச்சா? இன்னைக்கு நிறையப் போட்டிருக்கே."

"இல்லையே, அதே அறுபதுதான்" என்றாள். "உங்க ஓட்ஸையும் அந்தத் தராசுலதானே இத்தனை நாளும் போட்டேன்?"

இருபத்தாறு வருட சர்வீஸ் கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. அவள் மட்டும் மனக்கணக்குப் போட்டு, நாற்பத்திரண்டு கிராம் என்று சொல்லிவிட்டு, துரையின் தட்டை எடுக்கப் போனாள்.