நூற்று நாற்பது வாட்

ரோலண்டும் நானும் கடைசியாகச் சேர்ந்து போனது ஒமாஹாவின் பெரிய மின்சாதனக் கடைக்கு. மறுநாள் காலை அவன் லாரியை எடுத்தாக வேண்டும். அதற்குள் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கியாக வேண்டும்.

கல்யாணமான நாளிலிருந்தே வாரத்தில் பாதிக்கு மேல் அவன் சாலையில்தான். சாயங்காலம் லாரியை நிறுத்தியதும் அவன் அங்கிருந்தும் நான் வீட்டிலிருந்தும் ஒரே விளையாட்டுக்குள் நுழைந்து, பனிமலை அடிவாரத்தில் ஒரு கோட்டையைக் கட்டிக்கொண்டிருப்போம். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அங்கேதான். அவனுடைய பழைய லேப்டாப் செத்துப்போன பிறகு, போனில் "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்பதோடு சரி. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

கடையில் அவன் இரண்டு லேப்டாப்புகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தான்.

"ரெண்டும் ஒரே சிப்தானே? மெல்லிசா இருக்கறத எடுத்துக்கோயேன்" என்றேன்.

"பேருதான் ஒண்ணு, மார்சி. அதுக்கு அறுபது வாட்தான் போகுது. இதுக்கு நூத்தி நாப்பது, படம் அவ்ளோ தெளிவா ஓடும். இது யாரோ பெட்டியப் பிரிச்சுட்டுத் திருப்பிக் குடுத்ததாம், அதனால ரெண்டும் ஒரே வெல. ஒரே வெல!"

"சார்ஜர் செங்கல் மாதிரி இருக்கே."

"செங்கல்னா செங்கல். தூக்கப்போறது நானா, நீயா?"

விற்பனைப் பெண் சிரித்தாள். "வீட்லதான வெச்சு விளையாடுவீங்க சார்?"

"என் வீட்டுக்குப் பதினெட்டு சக்கரம்மா" என்றான் ரோலண்ட்.

சொல்லிவிட்டு டிவிகள் பக்கம் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். "ஒண்ணு வாங்கு, இல்ல வா போலாம். கால் கடுக்குது" என்றேன். வாங்கினான்.

மறுநாள் சாயங்காலம் கோட்டை வாசலில் காத்திருந்தேன். அவன் வரவில்லை. போன்தான் வந்தது. பின்னால் ஏதோ கீச்சிட்டது.

"என்ன சத்தம் அது?"

"இன்வெர்ட்டர் கத்துது."

என்ஜினை அணைத்தபின் லாரி பேட்டரியிலிருந்து மின்சாரம் தருவது அந்தப் பெட்டிதான். அந்தச் சார்ஜரை அதனால் தாங்க முடியவில்லை. விளையாட்டு தொடங்கியதுமே எல்லாம் அணைந்துவிடுகிறதாம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பதினெட்டு சக்கர வீட்ல கரண்ட் எவ்ளோன்னு தெரியாதா உனக்கு?"

"சிரி, நல்லா சிரி."

"திருப்பிக் குடுத்துடலாம் ரோ."

"அதெல்லாம் முடியாது. இரு, வரேன்."

கொஞ்ச நேரத்தில் திரையில் அவனுடைய உருவம் கோட்டை வாசலில் வந்து நின்றது.

"என்னப்பா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. கொஞ்சம் ஆறவிட்டேன், சரியாயிடுச்சு. பனி கொட்டறது என்ன அழகு தெரியுமா! ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது."

அந்த வாரம் முழுக்க வந்தான். வடக்குச் சுவரை எழுப்பினோம். அவன் அம்மாவின் முழங்கால், எங்கள் ஒழுகும் கூரை, எல்லாம் பேசினோம். பிறகு வயோமிங்கில், லாரிகள் நிற்கும் ஓர் இடத்தில், கேபின் படுக்கையிலேயே தூக்கத்தில் அவன் இதயம் நின்றுவிட்டது.

கம்பெனிக்காரர்கள் அவனுடைய பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். லேப்டாப்பை மேசையில் வைத்தேன். எடுத்து அலமாரியில் வைத்தேன். மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தேன். "திருப்பிக் குடுத்துடு மார்சி, கடையில இன்னும் வாங்கிப்பாங்க. அதையே பாத்துக்கிட்டு இருக்காத" என்றாள் அவன் தங்கை டோரீன்.

கொடுப்பதற்கு முன் அவனுடையதையெல்லாம் அழிக்க வேண்டுமே என்று சார்ஜரைச் சமையலறைச் சுவர் பிளக்கில் செருகினேன். விளையாட்டைத் திறந்தேன். கோட்டை மங்கலாக, விட்டுவிட்டு நகர்ந்தது. பழுது என்றே நினைத்தேன். விளையாட்டின் அமைப்புகளைத் திறந்தால், எல்லாமே ஆகக் குறைந்த படியில் இருந்தன. நிழல் இல்லை. பனிப்பொழிவு அணைக்கப்பட்டிருந்தது. வேகம், நொடிக்கு முப்பது படங்கள். இன்வெர்ட்டர் தாங்கட்டுமென்று எல்லாவற்றையும் அவன் குறைத்து வைத்திருக்கிறான்.

டோரீன் போன் செய்தாள். "குடுத்துட்டியா?"

"இல்ல. குடுக்கல."

சமையலறையில் மின்சாரத்துக்குக் குறைவில்லை. சில சாயங்காலங்களில் அந்த லேப்டாப்பில்தான் நான் கோட்டைக்குப் போகிறேன். அந்த வேகத்தை நான் மாற்றவில்லை, இன்னும் முப்பதுதான்.