அடியில் கிடந்த ஜல்லி

கம்பெனி கேட்டின் மரத்தூண் தரைமட்டத்தோடு ஒடிந்திருந்தது. கான்கிரீட்டுக்குள் மாட்டிக்கொண்ட அடிக்கட்டை வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்தத் தூணை நட்ட தூண்காரர் கட்டையில் இரண்டு நீள ஸ்க்ரூக்களை முறுக்கி, சங்கிலி மாட்டி, கடப்பாரையால் நெம்பினார். ஸ்க்ரூக்கள் மக்கிய மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தன.

"நான் நட்டப்போ இவ்ளோ கெட்டியா இருன்னு உன்னை யாரு கேட்டா?" என்று கட்டையைத் திட்டினார்.

மூன்று நாளைக்கு முன் கேட்டோடு தூண் சாய்ந்து வாட்ச்மேனின் கால் முறிந்தது. இன்று மேனேஜர் விசாரிக்க வருகிறார். யார் தப்பென்று முடிவாகிறதோ அவருக்கு வேலை இல்லை.

"சீக்கிரம் மச்சான். அவர் வரதுக்குள்ள புதுத் தூண் நின்னுடணும்" என்றான் மேஸ்திரி. தங்கை புருஷன். கெஞ்சிக் கூத்தாடி அவனை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே தூண்காரர்தான்.

"கட்டை இருக்கட்டுமே மாப்ள. அவரும் பாக்கட்டும்."

"எதைப் பாக்கறதுக்கு? நான் வாங்கினது பழைய மரம்னு தெரிஞ்சா என் கழுத்துக்குத்தான் கத்தி. உங்க தங்கச்சியை நினைச்சுப் பாருங்க. வாட்ச்மேன்கிட்ட நான் பேசிக்கறேன். உங்க பேரே வராது."

தூண்காரர் உளியை வைத்துச் சம்மட்டியால் கான்கிரீட்டைப் பிளந்தார். மதியத்துக்குள் கட்டை வெளியே வந்தது. பக்கவாட்டில் பழைய ஆணித் துளைகள் நான்கு, மேலே பச்சைப் பெயிண்ட். நடும்போதே இதைக் காட்டிக் கேட்டிருந்தார். பெயிண்ட் அடித்தால் புதுசுதான் என்று அன்று மாப்பிள்ளை சிரித்தான்.

குழிக்கு அடியில் அவர் போட்ட ஜல்லி அப்படியே கிடந்தது. தண்ணீர் தேங்காமல் வடிய ஒரு சாண் கனத்துக்குப் போட்டது. தூண்காரருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

"அதையும் அள்ளிடுங்க மச்சான். குழி சுத்தமா இருக்கட்டும்."

அள்ளினார். கட்டை, உடைத்த கான்கிரீட், ஜல்லி எல்லாவற்றையும் தன் கையாலேயே குப்பை வண்டியில் ஏற்றினார். வண்டி போய்விட்டது.

புது ஜல்லி போட்டு, புதுத் தூணை நிறுத்தி, ஈரக் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். சாயாமல் தாங்கும் முட்டுக்கட்டை அடிக்கும்வரை யாராவது தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தூண்காரர் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நின்றார். அப்போதுதான் மேனேஜர் கையில் ஒரு தாளோடு வந்தார்.

"மரம் நல்ல மரம்தானாம். அடியில ஜல்லியே போடாம நட்டுட்டீங்களாமே? தண்ணி தேங்கி அழுகிப்போச்சுன்னு உங்க மேஸ்திரி நேத்தே எழுதிக் குடுத்துட்டார்."

தூண்காரர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். நேற்றேவா?

"மாப்ள, சொல்லு மாப்ள. இப்பத்தானே ரெண்டு பேரும் பாத்தோம்."

மாப்பிள்ளை குனிந்து ரசமட்டத்தைத் தூணில் ஒட்டவைத்தான். "கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க மச்சான்."

"ஜல்லி போட்டேன் சார். அள்ளினதே நான்தான்."

மேனேஜர் குழியை எட்டிப் பார்த்தார். கழுத்துவரை புதுக் கான்கிரீட் நிரம்பியிருந்தது.

"முடிச்சுட்டு அடையாள அட்டையை ஆபீஸ்ல குடுத்துட்டுப் போங்க."

அவர் போனார். முட்டுக்கட்டை எடுத்துவருவதாகச் சொல்லிக்கொண்டே மாப்பிள்ளையும் பின்னால் போனான். கையை எடுத்தால் தூண் சாயும். தூண்காரர் பிடித்துக்கொண்டே நின்றார்.