மருந்து கேன்

சேரப்பணஞ்சேரி தசரதனின் ஆடுகள் வரிசையாகச் செத்ததும் ஊர்க் கண் பெயிண்ட் கம்பெனி மேல் விழுந்தது. தொண்ணூற்றொன்றில் அந்தப் பக்கம் இருந்த ஒரே கம்பெனி அது. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பரசுராமன், தசரதன் கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார். அத்தனையும் மல்லாந்தன.

"நானும் ஒருவாட்டி செஞ்சு பாத்துடறேன் சார். அதுவரைக்கும் வெளியே சொல்லாதீங்க" என்றாள் உடன் வேலை பார்க்கும் காந்திமதி.

"என் மேல நம்பிக்கை இல்லியாம்மா?"

நம்பிக்கையாம்! சோதனையில் அதற்கு என்ன வேலை? மனுஷருக்கு வாய் நிற்கவில்லை. அன்று மாலையே டீக்கடை வாசலில், "கிணத்துல கம்பெனி விஷம்" என்று சொல்லிவிட்டார்.

காந்திமதி உடனே தசரதனைத் தேடிப் போய், தண்ணீரை எதில் பிடித்தான் என்று கேட்டாள்.

"மருந்து கேன்லதான் டீச்சர். சாராண்டகூட சொன்னேனே. மண்ணு போட்டு கழுவிக்கினுதான் புடிச்சேன்."

பரசுராமன் டவுன்காரர். மருந்து என்றால் அவருக்கு இருமல் மருந்து. இங்கே அது பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்து. கழுவிய கேனில் ஒட்டியிருந்த மிச்சமே மீனைக் கொல்லப் போதும். அதே கிணற்றிலிருந்து காந்திமதி புதுக் குடத்தில் எடுத்துப்போன தண்ணீரில் குஞ்சுகள் மறுநாளும் நீந்தின. ஆடுகள் செத்தது வேறெதாலோ.

அதற்குள் ஊர் கம்பெனி கேட்டை உடைத்துவிட்டது. அகப்பட்டவன் வாட்ச்மேன் எல்லப்பன், அதே ஊர்க்காரன். அவனைக் கிணற்றடிவரை தரதரவென்று இழுத்து வந்தார்கள். தசரதன் கடப்பாரையை ஓங்கி முழங்காலில் இறக்கினான். எலும்பு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது, ஒருவரும் நிறுத்தவில்லை.

காந்திமதியோடு ஓடிவந்த பரசுராமன் கூட்டத்துக்குள் பாய்ந்தார்.

"தப்பு என்னோடது! கேன்லதான் விஷம், கிணத்துல இல்ல! அவனை விட்டுடுங்க!"

"கம்பெனிக்காரன் இன்னா குடுத்தான் உனுக்கு?" என்று கத்தினான் தசரதன். யாரோ எறிந்த செங்கல் பரசுராமன் வாயில் விழுந்தது. பல்லும் ரத்தமுமாகக் கீழே உட்கார்ந்தார். நேற்று அவரை ஒரு கேள்வி கேட்காத ஊர் இன்றைக்குத்தான் சந்தேகப்பட்டது.

"தண்ணி..." என்று முனகினான் எல்லப்பன். காந்திமதி கிணற்றில் வாளியை விட்டு இறைத்து, எல்லோரும் பார்க்கத் தானே ஒரு வாய் குடித்துவிட்டு, அவனிடம் கொண்டுபோனாள். அவன் மனைவி சின்னப்பொண்ணு ஓடிவந்து வாளியை எட்டி உதைத்தாள்.

"அடிச்சது பத்தலியா? வெசத்த வேற ஊத்துறியாடி?"

எல்லப்பன் தலையைத் திருப்பி, மண்ணில் ஓடிய தண்ணீரை நக்கப் பார்த்தான். அவள் அழுதுகொண்டே அவன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.