நம்ம ஊர் என்றான் குரு

"நம்ம ஊர்ல கடை ஞாயிறு என்னைக்கு வருதும்மா?"

குரு இப்படிக் கேட்டதும் அம்சாவுக்குக் கை ஓடவில்லை. தறியில் உட்கார்ந்திருந்தவள் நூல் ஓட்டும் நாடாவை வீசாமல் கையில் பிடித்தபடியே புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. 'நம்ம ஊர்' என்றானே, அதுதான் அவளைப் பயமுறுத்திவிட்டது.

குரு வாலாஜாபாத்துக்காரன். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். அம்சாவை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து அவன் வாயில் அது 'உங்க ஊர்'தான். காலையில் தெருவை அடைத்துத் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்தால் போதும், பைக்கை நிறுத்திவிட்டு, "உங்க ஊர்ல ரோடு போட்டதே நூல் காயப்போடத்தானா?" என்பான். கோயில் இட்லியில் மிளகு கடிபட்டால், "உங்க ஊர்ல இட்லியிலயும் கஷாயத்த ஊத்திட்டீங்களே" என்று முகத்தைச் சுளிப்பான். ஏதாவது ஒரு வீதியில் சாமி எதிரே வந்து பஸ் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். "உங்க ஊர்ல மனுசங்களவிட சாமிங்களுக்குத்தான் வெளிய வேல ஜாஸ்தி."

அம்சாவும் லேசுப்பட்டவள் இல்லை. சாமிக்குப் பஸ் வழிவிடுகிற ஊர் வேறெங்கே இருக்கிறது என்று மல்லுக்கு நிற்பாள். மிளகு இல்லாத இட்லியும் ஒரு இட்லியா என்பாள். இந்த ஊரை விட்டு நாலு நாள் வெளியூரில் தங்கச் சொன்னால் அவளுக்கு முகம் வாடிவிடும். அவனும் ஒருநாள் இதைத் தன் ஊர் என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. இதோ, சொல்லியும் விட்டான். சந்தோஷப்பட வேண்டியவள் நாடாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அதுவும் கேட்டது கடை ஞாயிறைப் பற்றி. கார்த்திகை மாசத்துக் கடைசி ஞாயிறன்று கச்சபேஸ்வரர் கோயிலில் மண்டை விளக்கு எடுப்பார்கள். மண்சட்டியில் மாவிளக்கை ஏற்றித் தலையில் சுமந்து பிரகாரம் சுற்றினால் தலையில் இருக்கிற நோயெல்லாம் தீரும் என்பது ஊர் நம்பிக்கை. "தலவலிக்குத் தலமேல அடுப்பா?" என்று வருஷாவருஷம் சிரிக்கிறவன் குரு. கொஞ்ச நாளாக அவனுக்கே தலைவலி. சென்னையில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"வர்ற ஞாயித்துக்கெழமதான். யாருக்குக் கேக்குறீங்க?"

"எனக்குத்தான். நானும் எடுக்கறேன்."

"கிண்டல் பண்றீங்களா?"

"இல்லமா."

மேற்கொண்டு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எள் போட்டால் எள் விழாது. சும்மாடு சுற்றி அவன் தலையில் சட்டியை ஏற்றிவிட்டு அம்சா பின்னாலேயே நடந்தாள். அவன் ஒருவரையும் கேலி செய்யவில்லை, கூட்டத்தைக்கூடத் திட்டவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி நடந்தான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் கூடியது. யாரோ இடித்ததில் சுடர் படுத்து எழுந்தபோது அவள் உயிர் ஒருதரம் போய் வந்தது. அணைந்துவிடாதே, அணைந்துவிடாதே என்று சுடரிடமே கெஞ்சிக்கொண்டு போனாள்.

சட்டியை இறக்கிவிட்டுக் குளத்துப் படியில் உட்கார்ந்தார்கள்.

"ரிசல்ட் வந்துட்டுதுதானே?" அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

"வந்துட்டுது. தலைக்குள்ள கட்டி இருக்குதாம். வியாழக்கெழம ஆபரேஷன். உயிருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றாங்க." அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பேச்சு வர்ற எடத்துல இருக்குதாம்மா. எடுத்தப்புறம் பேச்சு வந்தாலும் வரலாம், போனாலும் போவலாம். அதான், நீ ஆசப்பட்டுக்கினு இருந்த வார்த்தைய முன்னாடியே சொல்லிடலாம்னு..."

அம்சா அவன் பக்கம் திரும்பினாள். "அது எனக்கு வேணாங்க. எப்பவும்போலப் பேசுங்க. எங்க ஊர நல்லாத் திட்டுங்க."

அவன் அவளையே பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்துவிட்டு எழுந்தான். வாசலைத் தாண்டியதும் ஆரம்பித்துவிட்டான்.

"உங்க ஊர்ல செருப்பு திரும்பக் கெடைக்கறதுக்குத் தனியா ஒரு வேண்டுதல் இருக்குதா?"

இன்னொரு நாளாக இருந்தால் சுடச்சுடப் பதில் கொடுத்திருப்பாள். இன்று வாயே திறக்கவில்லை. அவள் பேசுகிற நேரத்துக்கு அவன் பேச்சு குறைந்துபோகுமே. அவன் ஆட்டோக்காரனைப் பழித்தான், டீயைப் பழித்தான், பூ விலையைப் பழித்தான். அவள் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு வீட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்டது. குரு நின்றான்.

"உங்க ஊர்ல ஞாயித்துக்கெழமகூட இந்த..." என்றவன் நிறுத்தினான். "இந்த... இந்த..."

சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டினான். உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை.

அது என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது. கொடுத்துவிட்டால் அவனுக்கு வரவில்லை என்றே ஆகிவிடும். அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பயத்தோடு அவன் வாயையே பார்த்தபடி நின்றாள்.